மீண்டும் வராதவரிடம் விற்பது

தில்லியின் கரோல் பாக் பகுதியில், பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கவும் வாடகைக்கு விடவும் செய்கிற கடைகள் நெருங்கி அமைந்த தெருக்கள் சில உண்டு. மணாலியிலிருந்து லே செல்லும் மலைப்பாதை பனி விலகித் திறக்கும் காலத்தை ஒட்டி, ஐரோப்பாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் பயணிகள் அங்கே ஒரு புல்லட்டை வாங்கி, சில மாதங்கள் அதிலேயே நாட்டைச் சுற்றி, ஊர் திரும்பும்முன் அதே கடைக்கோ தம்மைப் போன்ற வேறொரு பயணிக்கோ அதை விற்றுவிட்டுப் போவது நெடுங்கால வழக்கம். வெளித்தோற்றத்தில் இது மற்றெந்தக் கொடுக்கல் வாங்கலையும் போன்றதே. ஆயினும் அறவியல் நோக்கில் பார்க்கும்போது, மற்றச் சந்தைகளில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இரண்டு இங்கே தனித்தனியே பிரிந்து தெரிகின்றன: நேர்மையாக நடந்தால் ஆதாயம் என்ற கணக்கு ஒன்று, ஆதாயம் உண்டோ இல்லையோ, நேர்மையாக நடப்பது கடன் என்ற அறம் மற்றொன்று.

உள்ளூர்ச் சந்தையில் இவ்விரண்டையும் பிரித்துக் காண்பது கடினம். மளிகைக் கடைக்காரர் எடை குறைக்காமல் கொடுப்பது அறத்துக்கு அஞ்சியா, நாளைக்கு அந்த வீட்டார் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்று அஞ்சியா என்பதை வாங்குபவரால் சொல்ல முடியாது. பல சமயம் விற்பவராலேயே சொல்ல முடியாது. வாடிக்கை என்பது, ஒருவர் திரும்பத் திரும்ப ஒரே கடைக்கு வருவதால் உண்டாகும் உறவு. அதுவே அங்கே காவல் அதிகாரியாகவும் நீதிபதியாகவும் இருந்து விற்பவரை நேராக்கிவிடுகிறது. வெளிநாட்டுப் பயணியிடம் இந்தக் காவல் செல்லாது. அவர் மொழி அறியாதவர், நடப்பு விலை அறியாதவர், பெரும்பாலும் அந்த எந்திரத்தையும் அறியாதவர். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் சில மாதங்களில் நாட்டை விட்டே போய்விடுபவர். ஏமாற்றினால் கேட்க வரமாட்டார். நேர்மையாக நடந்தாலும் மறுமுறை வாங்க வரமாட்டார். அச்சமும் ஆதாயமும் ஒருசேர விலகிவிட்ட இந்த இடத்தில் விற்பவரிடம் மீதி இருப்பது எதுவோ, அதுதான் அவருடைய உண்மையான வாணிக அறம் என்று கொள்ள இடமுண்டு. அப்படியானால், மீண்டும் வராதவருக்கு விற்பவர் எவ்வளவு கடன்பட்டவர் என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

விற்கப்படும் பொருளின் தன்மையை அறியாமல் இக்கேள்வியைச் சரிவர எடைபோட முடியாது. ராயல் என்ஃபீல்டு புல்லட், இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த வண்டியாயினும், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் ஏற்பட்ட கூட்டால் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் வேரூன்றி, தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னும் இங்கே தொடர்ந்து உருவாகி வந்த வண்டி. 2010-ஐ ஒட்டிப் புதிய எஞ்சின் வரும்வரை, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய வடிவமே பெரிய மாற்றமின்றிப் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதனால் எந்த ஆண்டின் உதிரிபாகமும் ஏறக்குறைய எந்த ஆண்டின் வண்டிக்கும் பொருந்தும்; எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துக் கூட்டிவிடுவார். பயணிகள் அதை விரும்புவதற்கும் அதுவே காரணம். அதன் வயதையும் வரலாற்றையும் கண்டறிய முடியாமற் போவதற்கும் அதுவே காரணம். எஞ்சின் ஒரு வண்டியினுடையது, சட்டகம் இன்னொன்றினுடையது, பெட்ரோல் டாங்க் மூன்றாவது ஒன்றினுடையது என்று சேர்த்து, பளபளக்கும் கறுப்புப் பெயிண்டும் பொன்னிறக் கோடும் இழுத்துவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரே வண்டிதான்.

பழைய புல்லட்டைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர் முதலில் வண்டியைச் சுற்றி வந்து வர்ணத்தைப் பார்ப்பதில்லை. எஞ்சினின் குளிர்விப்பு விளிம்புகளின் மேல் கையை வைத்துப் பார்ப்பார். அது வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எளிதில் உயிர் பெறாத எஞ்சினை, ஆள் வருவதற்குமுன் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஐயுற வேண்டும். அடுத்து, வண்டியைக் கிளப்பி முறுக்கிவிட்டு சைலன்சரின் வாயைக் கவனிப்பார். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது, அதாவது பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதியில் விரலை ஓட்டி, புதுப் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் மேடு தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பார். அங்கே ஒட்டுப்போட்ட சட்டகம் மலையிறக்கத்தில் உயிருக்கே உலை வைக்கும். இறுதியாக, எஞ்சினிலும் சட்டகத்திலும் பொறிக்கப்பட்ட எண்கள் பதிவுச் சான்றான ஆர்சி புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பார். இத்தனையும் விற்பவருக்குத் தெரியும். விமானத்தை விட்டு இறங்கி மறுநாள் கடைக்கு வந்து நிற்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அறத்தின் சிக்கல் முழுவதும் அறிவில் உள்ள இந்த ஏற்றத்தாழ்விலிருந்து முளைக்கிறது.

இங்கே விலை வேறு, பொருளின் நிலை வேறு என்று பிரித்துக்கொள்வது நலம். ஏனெனில் பயணிகள் பெரிதும் மனங்கசந்து பேசுவது விலையைப் பற்றியே ஆயினும், கூர்ந்து நோக்கினால் அது அவ்வளவு பெரிய குற்றம் அன்று. வெளிநாட்டவருக்கு ஒரு விலை, உள்ளூராருக்கு ஒரு விலை என்பதை அரசே பின்பற்றுகிறது: தாஜ்மகாலுக்குள் செல்ல இந்தியர் 50 ரூபாய் கொடுக்கும் இடத்தில் வெளிநாட்டவர் 1,100 ரூபாய் கொடுக்கும்படி கட்டணம் வகுக்கப்பட்டது. இதை அநீதி என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் வஞ்சனை என்று எவரும் சொல்வதில்லை, ஏனெனில் இரு கட்டணங்களும் வாயிலில் எழுதித் தொங்குகின்றன. பேரம் பேசுகிற சந்தையிலும், முதலில் சொல்லும் விலை பொருளின் மதிப்பைப் பற்றிய சாட்சியம் ஆகாது. அது பேச்சைத் தொடங்கும் ஒரு முறை என்பதை விற்பவரும் வாங்குபவரும் அறிவர், ஆகவே அதில் பொய் இல்லை. சிக்கல் எங்கே எழுகிறது என்றால், ஒட்டிய விலைச்சீட்டைத் தவிர வேறொன்றையும் கண்டறியாத நாட்டிலிருந்து வந்தவர், சொன்ன விலையைச் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளும்போதுதான். வழக்கம் அறிந்தவரிடம் பொய்யாகாத அதே சொல், வழக்கம் அறியாதவரிடம் பொய்யின் வேலையைச் செய்துவிடுகிறது. வாய்மை என்பது சொல்லில் மட்டும் இருப்பதன்று, கேட்பவர் அதை எப்படி ஏற்பார் என்று சொல்பவர் அறிந்திருப்பதிலும் இருக்கிறது.

இந்த நுட்பத்தை மிகத் தெளிவாகக் கண்டவை இசுலாமியச் சட்ட மரபுகள். வெளியூரிலிருந்து சரக்கு கொண்டு வரும் வணிகக் கூட்டத்தாரை, அவர்கள் நகரச் சந்தையை அடைந்து நடப்பு விலையை அறியுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்கிவிடுவதை நபிமொழி தடுக்கிறது. இதனைத் ‘தலக்கீ அல்-ருக்பான்’, அதாவது வழிப்பயணிகளை எதிர்கொள்ளுதல், என்பர். சந்தை விலை அறியாமல் விற்பவரின் சொல்லையே நம்பி ஒப்படைத்துவிடும் ஒருவரை ஹன்பலி நெறியினர் ‘முஸ்தர்சில்’ என்று அழைத்து, வழக்கத்துக்கு மிஞ்சிய விலை அவரிடம் வாங்கப்பட்டிருந்தால் வாணிபத்தை முறித்துக்கொள்ளும் உரிமையை அவருக்கு அளித்தனர். கரோல் பாக்கில் இறங்கி நிற்கும் பயணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

கி.பி. 1111-இல் மறைந்த அறிஞர் கஸ்ஸாலி, தமது பெருநூலான ‘இஹ்யா உலூமித்தீன்’ என்பதில் வாணிகம் பற்றிய பகுதியில் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று, நம் கேள்வியின் நடுவிலேயே வந்து நிற்கிறது. யூனுஸ் இப்னு உபைத் என்ற பக்திமானின் கடையில் 400 திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் 200 திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் இருந்தன. அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், கடையில் இருந்த உறவுப் பையன், 400-க்கு ஆடை கேட்டு வந்த பாலைநிலத்து அரபி ஒருவரிடம் 200 பெறுமான ஆடையைக் காட்ட, அவரும் பிடித்துப்போய் 400 கொடுத்து வாங்கிச் சென்றார். திரும்பி வரும் வழியில் அவரைக் கண்ட யூனுஸ், அந்த ஆடை தம் கடையினது என்று அறிந்து விலையைக் கேட்டு, அது 200-க்கு மேல் பெறாது என்றார். அந்த அரபி சொன்ன மறுமொழிதான் கவனிக்கத்தக்கது: எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்கு மனநிறைவே என்றார் அவர். யூனுஸ் அதை ஏற்காமல் அவரைக் கடைக்கு அழைத்துச் சென்று 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்து, பையனையும் கடிந்துகொண்டார்.

வாங்கியவரே நிறைவோடு போகிறார், அவர் ஊரில் இதைவிட விலை அதிகம், பிறகு யாருக்கு என்ன நட்டம் என்ற வாதம் இன்றைய சந்தைகளிலும் அன்றாடம் ஒலிப்பது. வெளிநாட்டவர் தம் நாட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இங்கே கொடுப்பது கொசுறு என்று விற்பவர் சொல்வதும், பயணி தாமே அப்படித் தேற்றிக்கொள்வதும் உண்டு. யூனுஸ் அந்த வாதத்தை வாங்கியவர் வாயிலிருந்தே கேட்டும் ஏற்கவில்லை. மனநிறைவு அறியாமையின் மேல் எழுந்தது என்றால், அதைச் சம்மதமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. கஸ்ஸாலி இந்நிகழ்ச்சியை நீதி என்ற தலைப்பின்கீழ் வைக்காமல், நீதிக்கும் மேலான ‘இஹ்ஸான்’ என்ற நன்மை செய்தலின்கீழ் வைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லா வணிகரிடமும் இந்த அளவை எதிர்பார்க்க முடியாது என்பதை அவர் அறிந்தே இருந்தார். ஆனால் பொருளின் குறையை மறைத்தலை அவர் இஹ்ஸானுக்கு விடவில்லை. அதை நீதியின் மீறலாகவே வைத்தார். விலையில் தாராளம் காட்டுவது உயர்ந்தோர் செயல், குறையைச் சொல்வதோ எல்லோர் மேலும் உள்ள கடன் என்ற இந்தப் பிரிவினை, இவ்வாராய்ச்சி முழுவதுக்கும் அடிப்படையாகத் தக்கது.

இனி, கேட்காதபோது சொல்லாமல் இருப்பது பொய்யா என்ற கேள்விக்கு வரலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 17-ஆம் பிரிவில், ஒப்பந்தத்துக்கு இணங்குவதைப் பாதிக்கக்கூடிய செய்தியைப் பற்றி வெறுமனே மௌனமாக இருப்பது மோசடி ஆகாது என்று கூறிவிட்டு, பேச வேண்டிய கடமை உள்ள சூழ்நிலைகளை அதற்கு விலக்காக வைக்கிறது. அதற்கு அது தரும் எடுத்துக்காட்டு ஒரு குதிரை விற்பனை. குதிரைக்கு நோய் இருப்பது தெரிந்தும் ஏலத்தில் அதை விற்பவர் ஒன்றும் சொல்லாதிருந்தால் அது மோசடி அன்று. வாங்குபவர் அவருடைய மகளாக, அப்போதுதான் உரிய வயதை எட்டியவளாக இருந்தால், அந்த உறவே குறையைச் சொல்லும் கடமையை அவர்மேல் சுமத்துகிறது. வாங்குபவர், நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே கொள்வேன் என்று சொல்லி, விற்பவர் அதற்கும் வாய் திறக்காதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரையின் இடத்தில் புல்லட்டை வைத்துவிட்டால் இந்தச் சட்டப்பிரிவு நேற்று எழுதப்பட்டது போல் இருக்கும்.

மகள் பற்றிய இரண்டாம் எடுத்துக்காட்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அங்கே கடமை எதனால் பிறக்கிறது? இரத்த உறவினால் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால் உண்மையில், நம்புவதைத் தவிர வேறு வழியற்ற நிலையில் ஒருவர் இருப்பதும், அந்த நம்பிக்கைக்கு உரியவராக மற்றவர் இருப்பதும் சேர்ந்தே கடமையை உண்டாக்குகின்றன. சட்டம் உறவைச் சொல்வது அந்த நிலையின் அடையாளமாகவே. அவ்வாறாயின், கடைவாயிலில் நிற்கும் அயலாரும் அதே நிலையில் இருப்பவர் அல்லவா? விருந்தோம்பலை அறமாகப் போற்றிய இந்நாட்டு மரபுகள் அனைத்தும், முன்பின் அறியாதவராய் வந்தவரை உறவினருக்கு இணையாக வைத்தன. அதிதி என்ற சொல்லே நாள் குறிக்காமல் வருபவரைச் சுட்டுவதாகப் பழைய உரைகள் விளக்கின. சோறும் நிழலும் தருவதில் அவருக்குக் காட்டிய அந்தப் பரிவை, வாணிகத்தில் உண்மை சொல்வதற்கு நீட்டிக்காமல் இருக்கத் தக்க காரணம் ஒன்றும் புலப்படவில்லை. சட்டம் அதுவரை செல்லாது. ஏலச்சந்தையின் ஓட்டத்தை அது காக்க வேண்டியிருக்கிறது. சட்டம் நின்ற இடத்திலிருந்து அறம் நடக்கத் தொடங்குகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

தருமசாத்திர நூல்கள் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வைத் தேடின. விற்பவரைப் பேச வைப்பதைக் காட்டிலும், வாங்கியவருக்குச் சோதித்துப் பார்க்கக் காலம் கொடுப்பது எளிது என்று அவை கருதின. யாக்ஞவல்கிய ஸ்மிருதி விதைக்குப் 10 நாள், இரும்புக்கு ஒரு நாள், மணிகளுக்கு 7 நாள், கறவை மாட்டுக்கு 3 நாள் என்று சோதனைக் காலங்களை வகுக்கையில், ‘வாஹ்யம்’ எனப்படும் சுமை இழுக்கும், ஏறிச்செல்லும் விலங்குகளுக்கு 5 நாள் கொடுத்தது. குறையுள்ள பொருளைக் குறையற்றதுபோல் விற்றவருக்கு விலையின் இருமடங்கைத் தண்டமாக விதித்தது. நாரத ஸ்மிருதியோ, வாங்கியது தவறு என்று கருதுபவர் அதே நாளில் பழுதின்றித் திருப்பினால் முழு விலையும், இரண்டாம் நாளில் திருப்பினால் முப்பதில் ஒரு பங்கு குறைத்தும், மூன்றாம் நாளில் அதன் இருமடங்கு குறைத்தும் பெறலாம் என்று கூறுகிறது. பயணம் முடிந்தபின் இன்ன தொகை கழித்துக்கொண்டு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று இன்றைய கடைகள் தரும் வாக்குறுதி, இந்தப் பழைய ஏற்பாட்டின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

ஆனால் இவ்விதிகள் அனைத்தும் வாங்குபவர் அதே ஊரில் தங்குவார் என்று எண்ணி அமைந்தவை. வாங்கிய ஐந்தாம் நாளில் பயணியின் வண்டி கேலாங்குக்கு அப்பால் ஏதோவொரு கணவாயில் நின்றுபோயிருக்கலாம். குறை வெளிப்படும் இடத்துக்கும் விற்றவர் இருக்கும் இடத்துக்கும் நடுவே இமயமலை நிற்கிறது. காலத்தால் கிடைக்கும் பாதுகாப்பு அவருக்கு உதவாது. விற்கும் அந்த ஒரு கணத்தில் விற்பவர் வாயிலிருந்து வரும் சொல் ஒன்றே அவருக்கு உள்ள பாதுகாப்பு. ஆகையால், திரும்பி வராதவரிடம் விற்பவரின் கடன் குறைகிறது என்று சந்தை எண்ணுவதற்கு நேர்மாறாக, அது கூடுகிறது என்றே முடிவு கட்ட வேண்டியிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாகக் கொடுக்காமலும் அவர்கள் நடந்ததைச் சொல்வது, பல மொழி பேசும் புலம்பெயர்ந்தோர் கூடி வாழ்ந்த துறைமுகத்தை வருணிக்கும் இடத்தில்தான் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

வணிகரையே பெருந்தொகையாகக் கொண்ட சமயமாகிய சமணம், இவ்விஷயத்தில் எல்லோரினும் நுணுக்கமாகச் சென்றது. துறவியருக்குரிய மகாவிரதங்களின் எளிய வடிவமாக இல்லறத்தார் ஏற்கும் நோன்புகளை ‘அணுவிரதம்’ என்பர். அவற்றுள் வாய்மை நோன்பை விளக்கும் ஹேமச்சந்திரர், 12-ஆம் நூற்றாண்டுக் குஜராத்தில் எழுதிய தம் யோகசாத்திரத்தில், இல்லறத்தார் கட்டாயம் விலக்க வேண்டிய பெரும்பொய்கள் ஐந்தில் ஒன்றாகப் பசுவைப் பற்றிய பொய்யைக் குறித்தார்: சிறிது கறக்கும் பசுவைப் பெரிதாகக் கறக்கும் என்று சொல்வதும், பொதுவாக விலங்குகளைப் பற்றிச் சொல்லும் பொய்களும் இதில் அடங்கும் என்பது விளக்கம். தத்துவார்த்த சூத்திரமோ, கள்ளாமை நோன்பின் மீறல்களை எண்ணுகையில், திருட்டுப் பொருளை வாங்குதல், அளவைகளில் குறைவும் மிகையும் செய்தல் ஆகியவற்றோடு ‘பிரதிரூபக வியவகாரம்’ என்பதையும் சேர்க்கிறது; உண்மைப் பொருளின் சாயலில் செய்த போலியைக் கொண்டு வாணிகம் செய்தல் என்பது அதன் பொருள். பொய்யை வாய்மையின் கீழ் மட்டும் வைக்காமல் களவின் கீழும் வைத்தது இம்மரபின் கூர்மை. போலியை விற்பவர் பொய் மட்டும் சொல்லவில்லை, உண்மைப் பொருளின் விலையை வாங்குபவர் பையிலிருந்து எடுத்தும் கொள்கிறார்.

மோட்டார் உதிரிபாகச் சந்தையில் ‘டூப்ளிகேட்’ என்ற சொல் வெட்கமின்றி வழங்குகிறது. ஒரிஜினல் வேண்டுமா டூப்ளிகேட் வேண்டுமா என்று கடைக்காரரே கேட்டு, இரண்டுக்கும் இரு விலை சொல்லி, வாங்குபவர் கையில் தேர்வை விட்டுவிடும்போது அதில் குற்றம் காண்பதற்கில்லை. உறையும் முத்திரையும் ஒரிஜினல், உள்ளே இருப்பது டூப்ளிகேட் என்றாகும்போதுதான் சமண நூலின் விதி உயிர் பெறுகிறது. பயணி வண்டியை நிறுத்திவிட்டு நடந்து திரியும் மற்றச் சந்தைகளிலும் இதே கதைதான்: விஸ்கோஸ் இழையில் நெய்த சால்வை பஷ்மினா என்றும், வெட்டித் தீட்டிய கண்ணாடி மாணிக்கம் என்றும் கைமாறுகின்றன. சால்வை வகையில் போகும் நட்டம் பணத்தோடு முடியும். பிரேக் ஷூவும் முன்சக்கர அச்சும் போலியாக இருந்தால் நட்டம் பணத்தோடு முடியாது. அங்கே வாய்மையும் கள்ளாமையும் தாண்டி, கொல்லாமையே கேள்விக்கு உள்ளாகிறது. சந்தை இவற்றையெல்லாம் ஒரே ‘வியாபாரத் தந்திரம்’ என்ற பெயரில் அடக்கிவிடுவது பெரும் பிழை.

விற்பவர் தரப்பில் சொல்ல வேண்டியதும் உண்டு. பயணியைக் கடைக்கு அழைத்து வரும் தரகருக்கும் விடுதிக்காரருக்கும் கமிஷன் போகிறது. மழைக்காலத்துக்குப் பின் மாதக்கணக்கில் கடை காற்று வாங்குகிறது. அடிமட்டம் வரை பேரம் பேசுபவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றால் கட்டுப்படியாகாது. இவை பொய்யான காரணங்கள் அல்ல. மேலும், அறியாமை எப்போதும் வாங்குபவர் பக்கமே இருக்கும் என்பதும் இல்லை. புத்த ஜாதகங்களுள் சேரிவாணிஜ ஜாதகம் இதனைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. நொடித்துப்போன குடும்பத்துப் பாட்டியும் பேத்தியும், அழுக்கேறிக் கிடந்த பழைய கிண்ணத்தைத் தெருவில் வந்த வணிகனிடம் காட்டி மாற்றாக ஒரு சிறு அணி கேட்க, அது தங்கம் என்று கீறிப் பார்த்து அறிந்துகொண்டவன், அரைக்காசும் பெறாது என்று எறிந்துவிட்டு, பிறகு வந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று போய்விட்டான். அடுத்து வந்தவரோ அது நூறாயிரம் பெறும் என்று சொல்லி, அவ்வளவு தம்மிடம் இல்லை என்றும் சொன்னார். கொடுப்பதைக் கொடுங்கள் என்று அவர்களே வேண்ட, தோணிக்கூலியும் தராசும் பையும் தவிரக் கையிலிருந்த காசையும் சரக்கையும் எல்லாம் கொடுத்து வாங்கிச் சென்றார். அந்த நல்ல வணிகரே போதிசத்துவர். அவர் கொடுத்த விலையும் பொருளின் மதிப்பை விட மிகக் குறைவுதான். ஆயினும் கதை அவரை ஏமாற்றுக்காரராகக் காட்டவில்லை, ஏனெனில் பாட்டி முழு உண்மையையும் அறிந்தபின் இசைந்தாள். யூனுஸின் கதையில் நிறைவோடு கொடுத்த பணமும் திருப்பப்படுகிறது, இங்கே குறைந்த விலையும் ஒப்பப்படுகிறது. இரண்டையும் ஒருசேர வைத்தால், இசைவின் எடையை அறிவே தீர்மானிக்கிறது என்பது தெளிவாகும்.

வாங்குபவர், விற்பவர் ஆகிய இருவரைப் பற்றியே பேசும் இந்த ஆராய்ச்சிகளில், மூன்றாம் ஒருவர் எளிதில் மறக்கப்படுகிறார்: ஆர்சி புத்தகத்தில் பெயர் உள்ள முதல் உரிமையாளர். மோட்டார் வாகனச் சட்டம் (1988) 50-ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் வண்டி கைமாறினால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பெயர் மாற்றம் செய்துகொள்ள வேண்டும். நிலையான முகவரிக்குச் சான்று காட்ட முடியாத பயணிக்கு இது பெரும் இடர்ப்பாடு என்பதால், முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட 29, 30-ஆம் எண் படிவங்களை நிரப்பாமலே வண்டியோடு கொடுத்துவிடுவதும், அவை அப்படியே அடுத்தடுத்த கைகளுக்குப் போவதும் வழக்கமாகிவிட்டது. பதிவேட்டில் எவர் பெயர் நிற்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், வண்டி பல கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அதாவது, என்றோ தம் வண்டியை விற்றுவிட்டு மறந்துபோன ஒரு குமாஸ்தாவோ ஆசிரியரோ, முகம் அறியாத ஒருவர் ஸ்பிதியில் உண்டாக்கிய விபத்துக்கு நீதிமன்றப்படி ஏற வேண்டி வரலாம். விற்பவரும் வாங்குபவரும் உண்மையை ஒளிக்காமல் பேசி, விலையிலும் மனமொத்து முடித்த வாணிகத்திலும் இந்த அநீதி நிகழ்ந்துவிடுகிறது. இருவருக்குள் இசைவு இருந்தால் அறம் நிறைந்துவிட்டது என்ற எண்ணத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

பயணம் முடிந்து வண்டியை விற்க வரும்போது பயணியின் நிலை முற்றிலும் மாறிவிடுகிறது. இரண்டாம் கியர் தானாக நழுவுவதும், லே செல்லும் வழியில் ஒடிந்த சட்டகம் எந்த ஊர்ப் பட்டறையில் வெல்டிங் செய்யப்பட்டது என்பதும், அறுந்த ஸ்பீடோமீட்டர் கேபிளை மாற்றாமலே எத்தனை தூரம் ஓட்டினோம் என்பதும் இப்போது அவருக்கு மட்டுமே தெரியும். எதிரே நிற்பவர் அன்றைக்குத்தான் இறங்கி வந்த இன்னொரு பயணி. மறுநாள் இவர் விமானம் ஏறிவிடுவார், இருவரும் இனிச் சந்திக்கப் போவதில்லை. கடைக்காரரின் மேல் வைத்த குறை அத்தனையும் இவர் தலைமேல் வந்து நிற்கும் இடம் இது. தாம் ஏமாந்த தொகையை அடுத்தவரிடமிருந்து மீட்டுக்கொள்வது ஞாயம் என்று இங்கே பலருக்கும் தோன்றிவிடுகிறது. முதற்கடைக்காரரும் தாம் வாங்கும்போது அப்படித்தான் ஏமாந்திருக்கக்கூடும் என்பதோ, இந்தச் சங்கிலியில் எவரோ ஒருவர் நட்டத்தைத் தம்மோடு நிறுத்திக்கொண்டால் அன்றி அது முடியாது என்பதோ நினைவுக்கு வருவதில்லை. கழுத்துப் பகுதியிலுள்ள வெல்டிங் மேட்டைத் தாமே சுட்டிக்காட்டிவிட்டு விலை சொல்லும் பயணிக்கு அன்று கிடைக்கும் பணம் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவை ஈடுசெய்ய எந்தச் சந்தையிலும் வழியில்லை. சமய நூல்களும் அப்படி ஒரு வழி உண்டு என்று அவருக்கு உறுதி கூறவில்லை, சுட்டிக்காட்ட வேண்டும் என்று மட்டுமே கூறுகின்றன.